காது சம்பத்தின் கீச்சு வண்டி

"ஏங்க, வண்டிய ஆஃப் பண்ணுங்க! எதிர் வீட்டுக் குழந்தை எழுந்துக்கிச்சு!"

இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து தாட்சாயிணி போட்ட சத்தத்தில் மிச்சமிருந்த குழந்தைகளும் எழுந்திருக்கும். கீழே காருக்குள் உட்கார்ந்திருந்த சம்பத் அவசரமாகச் சாவியைத் திருப்பினார். கீச்சுச் சத்தம் நின்றது. குழந்தையின் அழுகை நிற்கவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வண்டியை எடுத்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை. கிளப்பியதும் 'கீச், கீச்' என்று ஆரம்பித்தால் கள்ளிக்குப்பம் தாண்டும்வரை விடாது. தெருநாய்கள்கூட இரண்டு நாள் துரத்திப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சலித்துப்போய்ப் படுத்துவிட்டன.

வேறு யார் வண்டியில் இந்தச் சத்தம் வந்திருந்தாலும் பரவாயில்லை. சம்பத் வண்டியில் வரலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேல் புல்லீஸ் என்ற கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் அவர். காரில் எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட்டும் சேர்ந்து சுற்றி, டைனமோவையும் ஏசியையும் ஓட்டுகிறதல்லவா? அந்தப் பெல்ட் தளர்ந்துவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் சின்னச் சக்கரத்துக்கு டென்ஷனர் புல்லி என்று பெயர். அதைத்தான் அங்கே செய்கிறார்கள். சம்பத் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சுற்றுகிற புல்லியின் மேல் வைப்பார். கைப்பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். "இது போகட்டும்" என்பார், அல்லது "இது திரும்பட்டும்" என்பார். மூலையில் இருக்கும் ஜப்பான் மெஷின் அதையே அரை மணி நேரம் யோசித்துவிட்டுச் சொல்லும். அதனால் கம்பெனியில் அவருக்குக் 'காது சம்பத்' என்று பெயர். அந்தப் பெயர் பிடிக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஆனால் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போனால், எப்படியாவது அந்தப் பேச்சு வரும்படி பார்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரின் காரில், அவரே பாஸ் பண்ணிய புல்லி மாட்டிய காரில், கீச்சு.

திங்கட்கிழமை ஓசூரிலிருந்து ஹேமாவதி மேடம் வருகிறார். பெரிய வண்டிக் கம்பெனியின் தரப்பிரிவுத் தலைவி. அவர் 'சரி' என்று சொன்னால் வேல் புல்லீஸுக்கு வருஷக் கணக்கில் ஆர்டர். சொல்லாவிட்டால் இரண்டாம் ஷிஃப்ட்டை மூட வேண்டியதுதான் என்று முதலாளி வேலுசாமி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வந்த பணத்தையெல்லாம் இந்தக் கம்பெனியில் போட்டவர் அவர்.

ஆயுத பூஜைக்கு முன்பே அவர் சம்பத்தைக் கூப்பிட்டிருந்தார்.

"மேடம் ஞாயித்துக்கிழமையே வந்து செம்பரம்பாக்கம் பக்கத்துல ஹோட்டல்ல தங்குறாங்க. திங்கக்கிழமை காலையில நீதான் போய்க் கூட்டிட்டு வரணும். உன் வண்டியிலயே."

"நம்ம கம்பெனி வண்டி இருக்கே சார்?"

"அதுல நம்ம புல்லி இல்லையேப்பா. உன் வண்டியில இருக்கு. அவங்க காதுல ஒரு சத்தம் விழக் கூடாது. அதைவிட நமக்கு வேற என்ன விளம்பரம் வேணும்? ஆர்டர் மட்டும் வரட்டும், தரப்பிரிவுத் தலைவர் நாற்காலி உனக்குத்தான்."

சம்பத் பெருமையோடு தலையாட்டிவிட்டு வந்தார். அப்போது வண்டி சத்தமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வரும்போதே ஒரு புது பெல்ட் வாங்கி வந்துவிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"இன்னா சார், வண்டிக்கு உடம்புக்கு முடியலையா?"

வாட்ச்மேன் துலுக்கானம். அறுபதைத் தொட்டவர். அடுக்ககத்தின் கேட்டைப் பார்த்துக்கொள்வது, விடியற்காலையில் எல்லோருடைய கார்களையும் கழுவித் துடைப்பது, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் குட்டிப் பிள்ளையாரைக் கவனிப்பது எல்லாம் அவர்தான். பிள்ளையார் தினமும் எண்ணெய்க் காப்பில் கறுகறுவென்று மின்னுவார். துலுக்கானத்தின் கையில் எல்லா வீட்டுக் கார் சாவிகளும் இருந்தன. ஒரு வீட்டிலும் ஒரு ரூபாய்ச் சில்லறைகூடக் காணாமல் போனதில்லை.

சம்பத்துக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காரணம் எளிமையானது. சம்பத் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தாட்சாயிணி சமையலறைக்குப் போய்விடுவாள். நண்பர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். துலுக்கானம் ஒருவர்தான் நின்று கேட்பார்.

"கொஞ்சம் லைட்டு காட்டுங்கண்ணே. பெல்ட்டு பழசாயிருச்சு. அதான் கீச்சுங்குது."

"இத்தா சார் பெல்ட்டு?"

"இதேதான். பார்க்கத்தான் வெறும் ரப்பர். ஆனா இது அறுந்துச்சுன்னா வண்டி பொணம்."

"அப்போ இத்தான் உயிருன்னு சொல்லுங்க."

"உயிருதாண்ணே."

துலுக்கானம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, புது பெல்ட்டைக் குனிந்து பார்த்தார்.

சம்பத் வண்டியைக் கிளப்பினார். ஒரு சத்தமில்லை. பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். தாட்சாயிணி அங்கே இல்லை. பாராட்ட வேண்டிய நேரத்தில் அவள் எப்போதுமே அங்கே இருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, நெற்றியில் விபூதி பூசி, வண்டியைக் கிளப்பினார்.

'கீச், கீச், கீச்!'

நேற்றைவிட ஒரு கீச்சு கூடுதலாக இருந்தது. எதிர் வீட்டுக் குழந்தை கடமை தவறாமல் எழுந்து அழுதது.

"புது பெல்ட்டு போட்டேன்னீங்க?" என்றாள் தாட்சாயிணி, இப்போது மட்டும் சரியாகப் பால்கனிக்கு வந்து.

"போட்டேனே!"

"அதான் சத்தமும் புதுசா இருக்கு."

கள்ளிக்குப்பத்தில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் காது சம்பத்தைத் தெரியும். 'இன்னா சார், உங்க காதுக்கே புரியலையா?' என்று ஒருவன் கேட்டுவிட்டால் அப்புறம் டீக்கடைப் பக்கம் போக முடியுமா? அதனால் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கரையான்சாவடிவரை கீச்சிட்டுக்கொண்டே போய், தன்னைத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தினார். மெக்கானிக் பெயர் பக்தவத்சலம். தெரு திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நின்றிருந்தார்.

"வா அண்ணாத்தே. நீ வர்றது பூந்தமல்லியிலயே கேட்டுச்சு."

"பெல்ட்டு நேத்திக்கு முந்தின நாள்தான் மாத்தினேன்."

"யாரு மாத்துனது?"

"நானேதான்."

"அதான் பார்த்தேன்," என்றார் பக்தவத்சலம். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் ஊற்றினார். சத்தம் சட்டென்று நின்றது. சற்று நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டை விரலால் தடவி மூக்கருகே கொண்டு போனார்.

"எண்ணெ கீது அண்ணாத்தே. பெல்ட்டு மேல எண்ணெ பட்டா வழுக்கும், வழுக்குனா கத்தும். ஆயில் சீல் போயிடுச்சு, உள்ளருந்து கசியுது."

சம்பத்தும் தடவிப் பார்த்தார். உண்மைதான். பிசுபிசுவென்று இருந்தது.

"இன்னும் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. பெல்ட்டு ஓரத்துல பாரு, மஞ்சளா தூள் உதுருது. நல்ல பெல்ட்டு கறுப்பாத்தான் உதுரும். இது டூப்ளிகேட் மாலு."

"நான் பாடி பக்கம் பெரிய கடையில பார்த்து வாங்கினேன்!"

"பெரிய கடைன்னா பெரிய டூப்ளிகேட்டு."

சம்பத்துக்கு அவமானமாக இருந்தது. தரம் பார்க்கிறவனிடமே போலிச் சரக்கை விற்றிருக்கிறார்கள்! ஆயில் சீல், பெல்ட் இரண்டையும் மாற்றச் சொன்னார். அதற்காக எஞ்சினில் பாதியைப் பிரிக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் வண்டி பூனைக்குட்டி மாதிரி ஓடியது. கரையான்சாவடியிலிருந்து வீடுவரை ரேடியோகூடப் போடாமல், அந்த நிசப்தத்தை ரசித்துக்கொண்டே ஓட்டி வந்தார்.

கேட்டைத் திறந்துவிட்ட துலுக்கானம் ஆவலாகக் கேட்டார்: "இன்னைக்கு எத்த சார் மாத்துனீங்க?"

சம்பத் பானெட்டைத் திறந்தே காட்டினார். "இந்த எடத்துல உள்ள ஆயில் சீலுன்னு ஒண்ணு இருக்கு. வெளிய தெரியாது. அப்புறம் இந்தப் பெல்ட்டு, இதுவும் புதுசு."

"ரெண்டு உயிரு."

"அப்படியே வெச்சுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை தாட்சாயிணியைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வண்டியைக் கிளப்பினார்.

இந்த முறை கீச்சு மட்டுமில்லை. நடுநடுவே 'க்ர்ர்' என்று வேறொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. பேட்டரி விளக்கு மினுக்கியது. எதிர் வீட்டுக் குழந்தை அழவில்லை. அது பழகிவிட்டது. அதன் அப்பாதான் வெளியே வந்து நின்று சம்பத்தைப் பார்த்தார்.

தாட்சாயிணி காருக்குள் உட்கார்ந்தவாறு மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, கோயிலுக்குப் போகாமலே கோயில் வாசனை அடிக்குது?"

"டேஷ்போர்டு பிள்ளையாருக்கு நீதானே ஊதுபத்தி வெச்சே?"

"அது போன மாசம்."

சம்பத் காதில் அது ஏறவில்லை. அவர் காது முழுக்க எஞ்சினில் இருந்தது. "நீ ஆட்டோவுல போயிடு தாட்சா" என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே நுழைந்தார்.

அப்போதுதான் அதைக் கண்டார். டென்ஷனர் புல்லியைச் சுற்றிச் சிவப்பாக மெல்லிய தூள்.

இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் சிவப்புத் தூள் என்றால் என்னவென்று தெரியும். புல்லிக்கு நடுவே இருக்கும் பேரிங்கில் மசகு காய்ந்து, இரும்பும் இரும்பும் உரசித் துருப்பிடித்துத் தூளாகி வெளியே வருகிறது. பெல்ட்டு இல்லை, சீல் இல்லை. புல்லியேதான். வேல் புல்லீஸ் புல்லி. அவரே காதில் வைத்துப் பார்த்து 'போகட்டும்' என்று சொன்ன புல்லி.

"பழசுதானே, அதனால தேஞ்சிருக்கும்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பையில் ஒரு புதுப் புல்லி இருந்தது. ஹேமாவதி மேடத்திடம் காட்டுவதற்காக ஒதுக்கிய பெட்டிகளிலிருந்து, வெள்ளிக்கிழமை அவரே சோதித்து எடுத்த சாம்பிள். அந்தக் குவியலிலேயே சுத்தமான சத்தம் அதுதான். அதை எடுத்து மாட்டினார். பெல்ட்டைத் துடைத்தார். வண்டி வாய் திறக்கவில்லை.

துலுக்கானம் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இத்தனை நாளா பெல்ட்டையே பழி சொல்லிக்கிட்டிருந்தேன். இதோ, இந்தச் சின்னச் சக்கரம்தாண்ணே எல்லாத்துக்கும் மூலம்."

"மூலவருன்னு சொல்லுங்க."

"நாளைக்கு இது சத்தம் போடாம ஓடணும். ஓடலேன்னா இரண்டாம் ஷிஃப்ட்டு பசங்களுக்கு வேலை இல்ல. எனக்கு மானம் இல்ல."

துலுக்கானத்தின் கண் கலங்கியது. "ஒண்ணும் ஆவாது சார். அது அதுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சா எல்லாம் நல்லா ஓடும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அந்த வார்த்தையில் சம்பத் உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பியபோது எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். ஒரே நேரத்தில் கீச்சிட்டது, முனகியது, விம்மியது. மூன்று மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. குழந்தையின் அப்பா கையிலிருந்த பேப்பரைக் கீழே போட்டார்.

சம்பத் பானெட்டைத் திறந்தார். நேற்று மாட்டிய புத்தம்புதுப் புல்லி. அதைச் சுற்றிச் சிவப்புத் தூள். நேற்றைவிட அதிகம்.

எஞ்சினை ஓடவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தார். பேரிங்கின் உள்ளே சத்தம் சுத்தமாக இருந்தது. பழுது என்று சொல்ல ஒரு துளி கரகரப்பில்லை. காது 'நல்ல புல்லி' என்றது. கண் முன்னால் துரு கொட்டிக் கிடந்தது. எதை நம்புவது?

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன் காதைச் சந்தேகப்பட்டார். அதைவிடப் பெரிய வலி அவருக்கு அதுவரை வந்ததில்லை.

தாட்சாயிணி இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை மேலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"பேசாம ஒரு டாக்ஸி புடிச்சுப் போய்க் கூட்டிட்டு வாங்க. வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் பெட்டிகள்ல இருக்கிறது பூரா இதே புல்லி, தாட்சா. நாளைக்கு ஓசூர்ல வண்டியில மாட்டி, அது ரோட்டுல போகும்போது பேரிங் புடிச்சுக்கிட்டா? எவன் குடும்பம் அந்த வண்டியில போகுதோ!"

"அப்போ என்ன பண்ணப் போறீங்க?"

சம்பத் பானெட்டை மூடினார். கீச்சிட்டுக்கொண்டே கிளம்பினார். கேட்டருகே துலுக்கானம் இரு கையையும் கூப்பி நின்று வழியனுப்பினார்.

செம்பரம்பாக்கம் போகும் முன் எஸ்டேட்டுக்குள் வண்டியைத் திருப்பினார். முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. ஹேமாவதி மேடம் பார்ப்பதற்காக, ஆயுத பூஜைக்குக் கட்டிய சாமந்தி மாலை காய்ந்து தொங்கும் தூணுக்குப் பக்கத்தில், பெட்டிகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சம்பத் தன் மேஜையிலிருந்து 'நிறுத்தப்பட்டது' என்று அச்சடித்த சிவப்பு அட்டைகளை எடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைக் கட்டினார். கட்டக் கட்டக் கை கனத்தது. கடைசிப் பெட்டியில் கட்டி முடித்ததும் தரப்பிரிவுத் தலைவரின் காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

ஹேமாவதி மேடம் ஹோட்டல் வாசலிலேயே காத்திருந்தார். கதர்ப் புடவை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும் சங்கிலி, எதையும் அளந்து பார்க்கும் பார்வை. ஏறி உட்கார்ந்ததும், "வண்டிய நல்ல வாசனையா வெச்சிருக்கீங்க" என்றார். அதுதான் அவர் சொன்ன கடைசி நல்ல வார்த்தை. சம்பத் வண்டியைக் கிளப்பினார்.

பூந்தமல்லியில் மேடம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். வேலப்பன்சாவடியில் கைப்பையைத் திறந்து தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். வானகரம் சிக்னலில் நின்றபோது பக்கத்து பைக்கில் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சம்பத்," என்றார் மேடம் கடைசியில். "இது உங்க கம்பெனி புல்லியா?"

சம்பத் வண்டியை ஓரம் கட்டினார். இனி மறைக்க எதுவும் இல்லை.

"எங்களுதுதான் மேடம். நேத்துதான் மாட்டினேன். உங்களுக்குக் காட்டறதுக்கு எடுத்து வெச்ச பெட்டியிலருந்து எடுத்தது. பேரிங்குல கோளாறு. காலையிலயே போய் எல்லாப் பெட்டிக்கும் சிவப்பு அட்டை கட்டிட்டு வந்துட்டேன். முதலாளிக்கு இன்னும் தெரியாது."

மேடம் இறங்கி பானெட்டைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிவப்புத் தூளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"துரு," என்றார். "சந்தேகமே இல்ல."

இருபது வருஷ அனுபவம் உள்ள இருவரும் சேர்ந்து சொன்ன பிறகு அது துருவாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்? அயனம்பாக்கம் வழியாக எஸ்டேட் போய்ச் சேரும்வரை புல்லி மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

கம்பெனி வாசலில் வேலுசாமி நின்றிருந்தார். அவர் முகம் சிவப்பு அட்டையின் நிறத்திலேயே இருந்தது. மேடம் இருப்பதால் சத்தம் போட முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சம்பத்தின் காதருகே குனிந்தார்.

"எல்லாப் பெட்டிக்கும் நீதான் கட்டினியாமே? உனக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு?"

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"வேலுசாமி சார்," என்று குறுக்கிட்டார் ஹேமாவதி. "அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

சம்பத் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் எத்தனையோ கம்பெனிக்குப் போறேன். போற எடமெல்லாம் எனக்கு மாலை போடுவாங்க, இளநி குடுப்பாங்க, குறையை மட்டும் துணி போட்டு மூடி வெச்சிருப்பாங்க. கஸ்டமர் வர்ற அன்னைக்குத் தன் சரக்கையே நிறுத்தி வெச்ச ஆளை இப்பத்தான் பார்க்கறேன். புல்லியில குறை இருந்தா திருத்திக்கலாம். இப்படி ஒரு ஆளை எங்க போய் வாங்கறது? ஆர்டர் உங்களுக்குத்தான்."

வேலுசாமியின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு சம்பத்தைக் கட்டிக்கொண்டார். தங்கள் வேலை என்னாகுமோ என்று காலையிலேயே வந்து மரத்தடியில் காத்திருந்த இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமலே கைதட்டினார்கள்.

"ஆனா ஒரு நிபந்தனை," என்றார் மேடம். எல்லோரும் கைதட்டலை நிறுத்தினார்கள். "பேரிங்கை மாத்திப் புதுசா செய்யுங்க. செய்யறதை முதல்ல சம்பத் சாரோட வண்டியில மாட்டணும். வாரத்துக்கு ஒரு புதுப் புல்லி. அந்த வண்டியில கீச்சு வராத புல்லிதான் எங்க ஊருக்கு வரணும். கீச்சு வந்துச்சுன்னா ஆர்டர் கிடையாது. மெஷினை நான் நம்பறதில்ல. இந்த வண்டியை நம்பறேன்."

"சத்தியமா மேடம்!" என்றார் வேலுசாமி. புதுத் தலைவர் சம்பத்தும் தலையாட்டினார்.

சாயங்காலம் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார். கீச்சு அன்று அவருக்கு மேளதாளமாகக் கேட்டது. விஷயம் தெரிந்ததும் தாட்சாயிணி, "கீச்சுக்குப் போய் பிரமோஷன் குடுக்கற ஒரே கம்பெனி உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுக் கேசரியும் கிளறினாள். முதல் கிண்ணத்தைச் சம்பத் தானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். இதைத் தன் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட மனிதருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

மாடிப்படிக்கு அடியில் துலுக்கானம் பிள்ளையாருக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜெயிச்சுட்டோம்! ஆர்டர் கிடைச்சுருச்சு. நான்தான் இனிமே தரப்பிரிவுத் தலைவர்."

"நான்தான் சொன்னேனே சார், அது அதுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சா எல்லாம் நல்லா நடக்கும்னு!" துலுக்கானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரியை வாங்கினார்.

"இனிமேதாண்ணே பெரிய பரீட்சை. வாரா வாரம் நம்ம வண்டியில ஒரு புதுப் புல்லி மாட்டப் போறேன். எது கத்தாம ஓடுதோ அதுதான் ஓசூருக்குப் போகும். கம்பெனியோட தலையெழுத்தே இனிமே இந்தப் பானெட்டுக்குள்ளதான் இருக்கு."

கேசரியை வாய்க்குக் கொண்டுபோன துலுக்கானத்தின் கை பாதியில் நின்றது. முகத்தில் பொறுப்பு கூடியது. பிள்ளையாருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு காலி பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"வாரா வாரம் புதுசுன்னா, ஒரு பெரிய பாட்டிலா நல்லெண்ணெ வாங்கிக் குட்துடுங்க சார், ஆயுத பூஜை அன்னைக்கு எஞ்சினுக்குப் போட்டதுலருந்து, நீங்க 'உயிரு'ன்னு காட்டுன ஒவ்வொண்ணுக்கும் விடிகாலையில எண்ணெக் காப்பு போட்டு, மஞ்சளு கொழச்சுத் தடவி, குங்குமம் வெச்சே எங்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சு!"